பக்கக் காற்றும் பாவனை விமானமும்

டில்லி மாநகரின் தென்பகுதியில் உள்ள சரோஜினி நகர், அரசாங்க ஊழியர்களுக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பு. தொடக்கத்தில் இதற்கு வினய் நகர் என்று பெயர். இங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில், அரவிந்தர் சாலையை ஒட்டிச் சஃப்தர்ஜங் விமான நிலையம் இருக்கிறது. 1920-களின் இறுதியில் தோன்றி, முதலில் வில்லிங்டன் பெயரால் வழங்கிய இந்நிலையமே 1962 வரையில் தலைநகரின் முக்கிய விமானத் துறையாக விளங்கியது. பின்னர் பெரிய விமானங்கள் பாலத்திற்குச் சென்றன. பயிற்சிக் கழகத்தின் சிறு விமானங்கள் மட்டும் பல்லாண்டுகள் இங்கே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பாதுகாப்பைக் கருதி அவையும் நிறுத்தப்பட்டன. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தலைமை அலுவலகம் இந்நிலையத்திற்கு எதிரிலேயே இருக்கிறது. டில்லியின் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றுக்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் அளவுகளும் சஃப்தர்ஜங் வானிலைக் கூடத்தில் எடுக்கப்படுபவையே.

இந்நிலையத்தின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 12 என்றும் மறுமுனையில் 30 என்றும் எண்கள். இவை வரிசை எண்கள் அல்ல, திசை எண்கள். வடக்கைப் பூஜ்யமாகக் கொண்டு கடிகார முள் சுற்றும் வழியில் பாகைகளை எண்ணி, கடைசி இலக்கத்தை நீக்கினால் ஓடுபாதையின் எண் கிடைக்கும். ஆகவே 30 என்பது 300 பாகை, அதாவது மேற்கிலிருந்து வடக்கே 30 பாகை சாய்ந்த திசை. டில்லியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்துமே வீசுகிறது. விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும் என்பது பறத்தலின் முதல் பாடம். எதிர்க்காற்று இருக்குமாயின் தரையைப் பொறுத்த வேகம் குறைந்து, சிறிய தூரத்திலேயே விமானம் நின்றுவிடும். எனவே ஓடுபாதையை அமைத்தவர்கள் முதலில் காற்றின் பதிவேட்டைப் பார்த்தார்கள். பின்னர்தான் நிலத்தை அளந்தார்கள்.

ஆயினும் காற்று பதிவேட்டின்படி நடப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் மாலை வேளைகளில் ஆந்தி எனப்படும் புழுதிப் புயல் எழும்போது, சில நிமிஷங்களில் காற்றின் திசை முழுவதும் மாறிவிடுகிறது. ஓடுபாதையோ அசையாதது. காற்று அதற்குக் குறுக்கே வீசும் வேளைகளில் விமானத்தை எவ்வாறு தரையில் வைப்பது, அந்த வித்தையைத் தரையில் இருந்தபடியே ஒரு யந்திரத்தில் கற்க முடியுமா, முடியுமாயின் எவ்வளவு தூரம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் வாசகருக்கு ஒரு செய்தியை இங்கே கூறிவிடலாம். வானிலைத் துறை காற்றை அது எங்கிருந்து வருகிறதோ அத்திசையால் குறிக்கிறது. போகும் திசையால் அன்று. முதன்முறை கேட்கும் மாணவர்கள் பலர் இதில் தடுமாறுவர். ஆனால் நம் முன்னோர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று பெயரிட்டதும் அவை வரும் திசையைக் கொண்டே அல்லவா? வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. இதனை நினைவூட்டினால் வகுப்பில் குழப்பம் தீரும்.

காற்று ஓடுபாதைக்குச் சாய்வாக வீசும்போது அதனை இரண்டு கூறுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஓடுபாதையின் வழியே வருவது. மற்றொன்று அதற்குச் செங்குத்தாகக் குறுக்கே வருவது. பின்னதே பக்கக் காற்று. இடையிலுள்ள கோணம் 30 பாகையாயின் காற்றின் வேகத்தில் சரிபாதி பக்கக் காற்றாகிறது. 45 பாகைக்குப் பத்தில் ஏழு பங்கு. 60 பாகைக்கு ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. 90 பாகைக்கு முழுவதும். ஆகவே 60 பாகையைத் தாண்டிவிட்டால் அதை முழுப் பக்கக் காற்றாகவே கருதுவது விமான ஓட்டிகளின் வழக்கம். வேகம் நாட் என்னும் அளவில் கூறப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

காவிரியில் பரிசல் ஓட்டுபவர் எதிர்க்கரையிலுள்ள படித்துறையை அடைய வேண்டுமானால் படித்துறையை நோக்கித் துழாவமாட்டார். நீரோட்டம் அவரைக் கீழே கொண்டுபோய்விடும் என்று அறிந்து, சற்று மேலே நோக்கியே செலுத்துவார். விமானமும் அவ்வாறே. அது மிதப்பது காற்றென்னும் ஆற்றில். அந்த ஆறு பக்கவாட்டில் நகரும்போது தானும் உடன் நகரும். 140 நாட் வேகத்தில் இறங்கிவரும் பெரிய விமானம் 20 நாட் பக்கக் காற்றைச் சரிக்கட்ட வேண்டுமாயின், மூக்கைக் காற்று வரும் பக்கம் 8 பாகை அளவு திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். 60 நாட் வேகத்தில் வரும் சிறு பயிற்சி விமானத்திற்கு 10 நாட் காற்றே அதைவிட அதிகமாக, 9 பாகைக்கு மேல் திருப்பக் கோரும். மெதுவாகச் செல்வதற்குக் காற்றின் தொல்லை மிகுதி. இவ்வாறு முகம் ஒரு திசையிலும் பயணம் வேறு திசையிலுமாக வருவதை ஓட்டிகள் நண்டு நடை என்கின்றனர். கடற்கரையில் நண்டைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

வானில் நண்டு நடை நடப்பதில் தீங்கொன்றுமில்லை. தரையைத் தொடும் கணத்தில்தான் சங்கடம். சக்கரங்கள் மூக்கு நோக்கும் திசையில் உருள வேண்டியவை. விமானமோ ஓடுபாதையின் திசையில் விரைகிறது. கோணலாகவே தரையைத் தொட்டால் சக்கரங்களின் மீதும் கால்களின் மீதும் பக்கவாட்டில் பெரும் விசை தாக்கும். பெரிய விமானங்கள் ஓரளவு கோணலைத் தாங்கக் கூடியவை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரக் கால்களையே 20 பாகை வரையில் திருப்பி வைத்துக்கொள்ள வகை செய்திருக்கிறார்கள். அது நண்டாகவே வந்து நண்டாகவே இறங்கும். ஏனையவை இறுதி வினாடிகளில் தம்மை நேராக்கிக்கொண்டாக வேண்டும்.

காற்று இடப்புறமிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. தரைக்குச் சில அடிகள் மேலே ஓட்டி வலக் காலால் சுக்கான் மிதியை அழுத்துகிறார். (வால் பகுதியில் நிமிர்ந்து நின்று விமானத்தை இடமோ வலமோ திருப்பும் பலகைக்குக் கப்பலிலிருந்து சுக்கான் என்ற சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறேன், புதுச்சொல் புனைவதைவிட இது நன்று என்பது என் எண்ணம்.) மூக்கு வலப்பக்கம் திரும்பி ஓடுபாதைக்கு நேராகிறது. ஆனால் அவ்வாறு திரும்பும்போதே இடது இறக்கை முன்னோக்கி விரைந்து கூடுதல் தூக்கு விசை பெறுகிறது. பக்கத்திலிருந்து வரும் காற்றும் அதனடியில் புகுந்து தூக்குகிறது. அதைத் தடுக்க, இறக்கைகளின் வெளி நுனியருகே பின்விளிம்பில் உள்ள ஏலரான் என்னும் அசையும் மடல்களைக் கையால் இயக்கி இடது இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அதாவது கால் வலப்பக்கம் சொல்ல, கை இடப்பக்கம் சொல்ல வேண்டும். மோட்டார் ஓட்டிப் பழகியவருக்கு இது இயல்புக்கு முற்றிலும் மாறானது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூக்கை நேராக்கிய அந்தக் கணத்திலேயே விமானம் காற்றோடு பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படுவதில்லை. தன் ஜடத்துவத்தால் ஓரிரு வினாடிகள் பழைய தடத்திலேயே செல்லும். அந்தச் சிறு அவகாசத்துக்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட வேண்டும். மெத்தென்று இறங்க ஆசைப்பட்டு மிதந்துகொண்டிருந்தால் 20 நாட் காற்று, அதாவது வினாடிக்குப் பத்து மீட்டர், தன் வேலையைத் தொடங்கிவிடும். பெரிய ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து ஓரத்திற்கு 22 மீட்டர் சொச்சமே.

வேறொரு முறையில், சற்றுத் தொலைவிலிருந்தே காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கானை மிதித்து, விமானத்தை நேராகவே கொண்டுவந்து ஒற்றைச் சக்கரத்தில் முதலில் இறக்குவார்கள். சிறு விமானங்களுக்கு இதுவே ஏற்றது. இறக்கைக்கடியில் என்ஜின்களைத் தொங்கவிட்டிருக்கும் பெரிய விமானங்கள் அதிகம் சாய்ந்தால் என்ஜின் தரையில் உராயும். அவற்றை ஓட்டுபவர்கள் இரண்டு முறைகளையும் கலந்தே கையாள்கிறார்கள். தரையைத் தொட்டவுடன் காரியம் முடிந்துவிடுவதுமில்லை. வாலின் மீது காற்று அடிப்பதால் மூக்கு காற்று வரும் பக்கமே திரும்பப் பார்க்கும், கூரை மேலுள்ள காற்றுத் திசைகாட்டியைப் போல. நின்று முடியும் வரையில் காலும் கையும் ஓயக்கூடாது.

இவ்வளவையும் புத்தகத்தில் படித்துவிடலாம். கற்பது வேறு. உண்மையான பக்கக் காற்றுக்காகக் காத்திருந்து, உண்மையான விமானத்தில், உண்மையான அபாயத்தோடு பழகுவதற்கு மாற்று வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பாவனை விமானம் வளர்ந்தது. இதன் முன்னோடி எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். இவருடைய தந்தையார் பியானோ, ஆர்கன் முதலிய வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆகும் பெருஞ்செலவைக் கண்ட லிங்க், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளையும் குழாய்களையும் கொண்டே, ஓட்டியின் கை அசைவுக்கேற்பச் சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு பெட்டியை 1929-இல் உருவாக்கினார். முதலில் இதைக் களியாட்டச் சந்தைகளில் வேடிக்கைப் பொருளாகவே வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை நம்பிப் பறக்கப் பழகாததால் பலர் மாண்ட பிறகே இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் பல இலட்சம் விமானிகள் இப்பெட்டியில் அமர்ந்து பழகினார்கள். ஆனால் இதிலிருந்து வெளியே பார்க்க ஒன்றுமில்லை. மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்துப் பறக்கக் கற்பித்ததேயன்றித் தரையில் இறங்கக் கற்பிக்கவில்லை.

இன்றைய சிமுலேட்டர் வேறு வகையானது. டில்லியை அடுத்த குருகிராமிலும் பெரிய நொய்டாவிலும் இத்தகைய யந்திரங்கள் இயங்குகின்றன. விமானி அறை முழுவதும், கடைசிப் பொத்தான் வரையில், மெய் விமானத்தின் பிரதி. அந்த அறை ஆறு நீளும் கால்களின் மீது நிற்கிறது. கால்கள் தனித்தனியே நீண்டும் குறுகியும் அறையை மேல்கீழ், முன்பின், இடவலம் நகர்த்தவும், மூன்று அச்சுகளில் சாய்க்கவும் திருப்பவும் வல்லவை. இந்த ஆறுகால் மேடையை 1950-களில் எரிக் கஃப் என்பவர் டன்லப் நிறுவனத்தில் டயர்களைச் சோதிக்கவே அமைத்தார். விமானப் பயிற்சிக்கு இத்தகைய மேடை ஏற்றது என்று ஸ்டூவர்ட் என்பவர் 1965-இல் எழுதினார். இப்போது அவர் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. இதுவும் விஞ்ஞான உலகின் வழக்கந்தான். சன்னலுக்கு வெளியே வளைந்த ஆடியில் ஓடுபாதையும் ஊரும் வானமும் தெரியும். பிம்பம் வெகு தொலைவில் இருப்பதுபோலவே கண்ணுக்குப் படும்.

பின்னால் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் காற்றின் திசையையும் வேகத்தையும் எண்களால் குறித்துவிடுவார். முதலில் 10 நாட், பிறகு 20, பிறகு 30. ஒவ்வொரு முறையும் முழு வட்டம் சுற்றி வரவேண்டியதில்லை. ஓடுபாதைக்கு நான்கு மைல் முன்னே விமானத்தை நிறுத்திவைத்து, அங்கிருந்தே மீண்டும் மீண்டும் இறங்கலாம். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அனுபவம் மெய் விமானத்தில் ஓராண்டிலும் கிடைக்காது. சில பிழைகள் இங்கேதான் தெளிவாகப் புலப்படுகின்றன. உதாரணமாக, பெரிய விமானத்தில் ஓட்டி அமர்ந்திருக்கும் இடத்திற்கும் முக்கிய சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 15 மீட்டர் இருக்கலாம். 8 பாகை நண்டு நடையில் ஓட்டி நடுக்கோட்டின் மேல் சரியாக இருந்தால், சக்கரங்கள் காற்று அடித்துச் செல்லும் பக்கத்தில் 2 மீட்டர் விலகியிருக்கும். தாம் நடுவில் இருப்பதாக அவர் நினைக்கிறார், விமானம் அங்கில்லை. இப்பிழையைத் திரையில் நிறுத்திக் காட்டலாம்; வானில் காட்ட முடியாது.

இனி குறைகளைப் பார்ப்போம். மேடையின் கால்கள் நீளக்கூடியது ஒன்றரை மீட்டர் அளவே. ஓடுபாதையில் நீண்ட நேரம் நிலைக்கும் முடுக்கத்தை அவ்வளவு சிறிய இடத்தில் எப்படிக் காட்டுவது? அறையை மெதுவாகச் சாய்த்து, பூமியின் ஈர்ப்பு விசையையே முடுக்கமாக உணரச் செய்து ஏமாற்றுகிறார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு இரண்டும் ஒன்றே. நல்ல தந்திரம், ஆனால் தந்திரமே. பக்கவாட்டில் திடீரென்று தள்ளப்படும் உணர்வு சிமுலேட்டரில் தொடங்கும், உடனே தேய்ந்துவிடும். அதற்கும் மேலான குறை காற்றிலேயே இருக்கிறது. பயிற்சியாளர் குறிக்கும் 30 நாட் காற்று சீராக வீசும் காற்று. மெய்க் காற்று வீச்சு வீச்சாக வருகிறது. கட்டடத்தின் மறைவில் தணிந்து, திறந்தவெளியில் பாய்கிறது.

இக்குறை என்ன செய்யும் என்பதை 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 20-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த விபத்து காட்டியது. கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 115 பேருடன் புறப்பட்டது. ஏறத்தாழ வடக்கு நோக்கிய ஓடுபாதை; மேற்கிலிருந்து காற்று. கட்டுப்பாட்டு நிலையம் கூறியது 27 நாட். ஆனால் மேற்கேயுள்ள ராக்கி மலைத்தொடரைத் தாண்டி அலையலையாக இறங்கிய காற்றில் ஒரு வீச்சு, விமானம் ஓடிக்கொண்டிருந்தபோதே 45 நாட் வேகத்தில் குறுக்கே அடித்தது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலச் சுக்கானை மிதித்துக்கொண்டிருந்த தலைமை ஓட்டி ஒரு கட்டத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டார். விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்து தீப்பற்றியது. உயிர்ச்சேதம் இல்லை, பலர் காயமுற்றனர், சிலருக்குப் பலத்த காயம். 2010-இல் வெளியான விசாரணை அறிக்கை, ஓட்டியின் செயலை முதற்காரணமாகக் கூறியது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. பலமான வீச்சுகளைச் சிமுலேட்டர்கள் சரிவரக் காட்டாததால் அத்தொழிலிலேயே பக்கக் காற்றுப் பயிற்சி குறைவுற்றிருந்தது என்பதையும் துணைக்காரணமாக எழுதியது. நிலைத்த காற்றில் எத்தனையோ முறை தேர்ச்சி பெற்றவர், சுக்கானை முழுவதும் மிதித்தும் போதவில்லை என்று தோன்றச் செய்யும் காற்றை அதற்கு முன் சந்தித்ததே இல்லை. விபத்துக்குப் பின், மெய் விமானங்களில் பதிவான அளவுகளிலிருந்து வீச்சுகளை வகுத்துச் சிமுலேட்டரில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

அதே 2008-இல் மார்ச் முதல் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்ததை, கணக்கின் பொருட்டே ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். புயல் நாள். காற்று 300 பாகையிலிருந்து 33 நாட். வீச்சு 47 நாட் வரை. 137 பேருடன் லுஃப்தான்ஸாவின் ஏர்பஸ் ஏ-320 விமானம் 23 எண்ணுள்ள ஓடுபாதையில், அதாவது 230 பாகைத் திசையில், இறங்க முயன்றது. இடையிலுள்ள கோணம் 70 பாகை. வீச்சின் பக்கக் கூறு 44 நாட் ஆகிறது. விமானம் தரையில் பட்டுச் சாய்ந்து, இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உராய்ந்தது. ஓட்டிகள் உடனே விசை கொடுத்து மேலே எழும்பிவிட்டனர். பின்னர் 33 எண்ணுள்ள ஓடுபாதையில் இறங்கினர். அங்கே கோணம் 30 பாகையே. அதே காற்றின் பக்கக் கூறு பாதியாகிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஒரு சக்கரம் தரையைத் தொட்டவுடனேயே அவ்விமானத்தின் கணிப்பொறி, தரையில் இருப்பதாகக் கொண்டு, பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்தும் திறனை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டது என்பதும், ஓட்டிகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

அவ்விசாரணையில் எழுந்த மற்றொரு கேள்வி சொற்பொருள் பற்றியது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அதில் தனி ஈடுபாடு. விமானக் கையேடுகளில் ‘செய்து காட்டப்பட்ட உச்சப் பக்கக் காற்று’ என்று ஓர் அளவு தரப்படும். செஸ்னா 172 என்னும் சிறு விமானத்திற்கு அது 15 நாட். சோதனை ஓட்டி அந்த அளவு காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதே இதன் பொருள். அதற்கு மேல் முடியாது என்பதன்று, முடியும் என்பதுமன்று. ஆனால் சிலர் அதைச் சட்டப்படியான எல்லையாகவும், சிலர் வெறும் தகவலாகவும் கொண்டிருந்தனர். ஒரு சொற்றொடரை இருவர் இருவிதமாகப் படிக்கும்போது அதன் விலை சில இடங்களில் மை, சில இடங்களில் உயிர்.

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம் மழையிலும் வீச்சுக் காற்றிலும் தரையை எட்டும் நிலையில் தள்ளாடி, இறங்காமலே மீண்டும் மேலே எழும்பியது. அக்காட்சியின் படம் எங்கும் பரவியது. தப்பியது அதிர்ஷ்டம் என்றார்கள் பலர். அது அதிர்ஷ்டமன்று. இறங்கும் நிலை சரியில்லை என்று கண்டவுடன் விசை கொடுத்து எழும்புவது பாவனை விமானத்தில் திரும்பத் திரும்பப் பழக்கப்படும் பாடம். இறங்குவதைக் காட்டிலும் இதை அந்த யந்திரம் நன்றாகவே கற்பிக்கிறது என்பது என் கருத்து. தரையின் உராய்வையும் டயர்களின் வழுக்கலையும் கணக்கிடுவது கடினம். எழும்பும் முடிவை எடுக்கும் பழக்கத்திற்கோ அவை வேண்டியதில்லை. சென்னை நிலையம் அன்று நண்பகல் தொடங்கி மறுநாள் அதிகாலை வரையில் மூடப்பட்டது.

பள்ளியில் இவற்றை விளக்கச் செலவேதுமில்லை. மேசைமீது ஒரு செய்தித்தாளை விரித்து, ஒரு மாணவன் அதைப் பக்கவாட்டில் சீராக இழுக்கட்டும். இன்னொருவன் சுண்ணாம்புக் கட்டியால், தாளின் மீது எதிர் ஓரத்தை நோக்கிக் கை அசைவை மாற்றாமல் நேர்கோடு போடட்டும். தாளில் விழுவது சாய்கோடாகவே இருக்கும். தாளில் நேர்கோடு விழ வேண்டுமானால் கையை எவ்வளவு சாய்த்துச் செலுத்த வேண்டும் என்பதை நாலைந்து முயற்சியில் அவனே கண்டுபிடிப்பான். பிறகு, எச்சரிக்கை கொடுக்காமல், தாளை இழுப்பவன் வெடுக்கென்று வேகத்தைக் கூட்டட்டும். சீரான காற்றுக்கும் வீச்சுக்கும் உள்ள வேற்றுமை அப்போது கையிலேயே தெரியும்.

கணக்குக்குக் கோயம்புத்தூர் ஏற்ற உதாரணம். அங்கே ஓடுபாதையின் எண்கள் 05, 23. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வீசும். காற்று 260 பாகையிலிருந்து 20 நாட் என்று கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு 5 நாட் வீதம் நான்கு சென்டிமீட்டர் கோடு வரைந்து, 230 பாகைக் கோட்டுக்கு அதன் நுனியிலிருந்து செங்குத்து இறக்கினால் அச்செங்குத்தின் நீளம் 2 சென்டிமீட்டர் வரும். பக்கக் காற்று 10 நாட். மதுரையிலும் திருச்சியிலும் ஓடுபாதைகள் 09, 27 எண்ணுள்ளவை; அதே காற்றுக்கு அங்கே விடை வேறாகும். களப் பணியாளர்கள் தம் ஊருக்கு அருகிலுள்ள வானிலைக் கூடத்தின் காலை, மாலைக் காற்றளவுகளை ஒரு மாதம் குறித்து வந்து கொடுத்தால், மாணவர்கள் தங்கள் ஊரில் ஓர் ஓடுபாதையை எத்திசையில் அமைப்பது என்று தாமே வரைந்து முடிவு செய்யலாம்.